5 பவுண்டு கட்ட முடியாமல் உரிமையை இழந்த ஜெட் மேதை

ஜெட் என்ஜினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், பிராங்க் விட்டில். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் 1907-ம் ஆண்டு பிறந்தார். தந்தை மெக்கானிக். அவருடைய சிறு பட்டறையில்தான் விட்டில் தொழில் பழகினார்.

விமானப்படையில் சேரப் போனார். குள்ளமாக இருப்பதாகச் சொல்லி திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடற்பயிற்சி செய்து, மறுபடியும் போய், 1923-ல் சேர்ந்தார். பிறகு விமானி ஆனார்.

காற்றை உள்ளே இழுத்து அழுத்தி, அதில் எண்ணெயை எரித்து, சூடான வாயுவைப் பின்னால் பீறிட விட்டால் விமானம் முன்னே பாயும் என்பது அவர் யோசனை. காற்றை அழுத்துவதற்கே பெரும் சக்தி போய்விடும் என்று 1929-ல் அதிகாரிகள் கைவிரித்தனர். 1930-ல் அவரே காப்புரிமைக்கு மனுச் செய்தார்.

கைவிட்டுப் போனது

1935-ல் உரிமையைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்டவேண்டும். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் இருந்த விட்டிலிடம் பணம் இல்லை. அரசாங்கமும் கட்ட மறுத்தது. உரிமை போய்விட்டது.

ஆனாலும் நண்பர்கள் உதவியுடன் 1936-ல் கம்பெனி தொடங்கினார். 1937 ஏப்ரல் 12-ல் என்ஜின் ஓடியது. எண்ணெயை நிறுத்திய பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனது! அருகில் நின்றவர்கள் ஓடிவிட்டனர். விட்டில் மட்டும் நகரவில்லை. உள்ளே தேங்கிய எண்ணெய் எரிந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது.

தீயோடு போராட்டம்

சிறிய அறைக்குள், சீறிவரும் காற்றில், ஏராளமான எண்ணெய் சீராக எரியவேண்டும். எண்ணெயை ஆவியாக்கும் குழாய்களில் கரி படிந்து அடைத்தது. பல வகை அடுப்புகளைச் செய்து பார்த்தும் பலன் இல்லை. 1940-ல் ஷெல் கம்பெனியின் லப்பாக் என்பவர், எண்ணெயை நுண்ணிய தூறலாகத் தெளிக்கும் பர்னரைக் கொடுத்தார். வழி பிறந்தது.

1941 மே 15-ல் விட்டில் என்ஜினுடன் விமானம் 17 நிமிடம் பறந்தது. ஆனால் ஜெர்மனி 1939 ஆகஸ்டிலேயே முந்திக்கொண்டது.

1944-ல் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1948-ல் விட்டிலுக்கு 'சர்' பட்டமும், ஒரு லட்சம் பவுண்டு பரிசும் கிடைத்தன. 1996-ல் அமெரிக்காவில் காலமானார்.

மின்சாரம் தயாரிக்கும் சிறிய டர்பைன்களிலும் இன்று அதே போராட்டம்தான். எரிபொருள் முழுவதும் எரிந்தால் செலவு மிச்சம், புகை குறையும். வெப்பம் மிஞ்சினால் நச்சு வாயு உண்டாகும். அதனால் காற்றையும் எரிபொருளையும் முன்கூட்டியே நன்கு கலக்கிறார்கள். வெளியேறும் சூட்டைக் கொண்டே, உள்ளே போகும் காற்றைச் சூடாக்குகிறார்கள். விட்டில் போராடியது போலவே, இவர்களுக்கும் சவால் அந்தச் சிறிய அறைத் தீதான்.