லாஞ்சுவின் வாத்தியாரும் எங்க வெல்டிங் மெஷினும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று குழுவினர் விடாமல் கேட்டார்கள். விடுதிச் சாப்பாட்டையும் கட் அடித்துப் பார்த்த சினிமாவையும் பற்றி மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் எனக்குச் சோறு போட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் 1946-லேயே இறந்துவிட்டார். பெயர் போல் லாஞ்சுவின். பி.எஸ்ஸி.யில் காந்தவியல் பாடத்தில் லாஞ்சுவின் கொள்கை என்று பத்து மார்க்குக்கு உருப்போட்டோமே, அவரேதான்.

நான் ரெட்டியார்பாளையத்துக்காரன். வேலை, பிளாஸ்டிக் பாகங்களை அல்ட்ராசானிக் முறையில் ஒட்டுவது. பசை கிடையாது, நெருப்பு கிடையாது. காதுக்குக் கேட்காத அதிர்வுதான், வினாடிக்கு 20,000 முதல் 40,000 தடவை. ஹார்ன் என்கிற உலோகத் துண்டு பாகத்தின் மேல் அழுந்தி நின்று அதிரும். ஒட்ட வேண்டிய இடத்தில் முக்கோண வடிவில் ஒரு சின்ன வரப்பு விட்டிருப்பார்கள். அந்த வரப்பு மட்டும் சூடாகி உருகிப் பரவி, அதிர்வு நின்றதும் இறுகிவிடும். ஒரு வினாடிகூட ஆகாது. அந்த மெஷினின் இருதயம் லாஞ்சுவின் செய்தது.

அவர் 1872 ஜனவரி 23-ல் பாரிஸில் பிறந்தார். பெரிய பணக்காரக் குடும்பம் இல்லை. பதினாறு வயதில் அந்நகரத்தின் பௌதிக, இரசாயனத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாத்தியார் பியர் கியூரி. கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும் 1880-லேயே ஒரு விஷயம் கண்டுபிடித்திருந்தார்கள். குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் அதில் மின்சாரம் தோன்றும். மின்சாரம் கொடுத்தால் படிகம் துளி விரியும், சுருங்கும் என்பதும் அடுத்த ஆண்டே தெரிந்தது. கெட்டிக்கார விளையாட்டுச் சாமான் மாதிரி அது பல வருஷம் கிடந்தது.

லாஞ்சுவின் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனிடம் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்து, 1902-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு தான் படித்த பள்ளியிலேயே, தன் வாத்தியார் நின்ற இடத்தில் நின்று பாடம் சொன்னார். 1911-ல் மேரி கியூரியையும் அவரையும் சேர்த்துப் பத்திரிகைகள் கேவலமாக எழுதின. அதையும் தாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

முதல் உலகப்போர் வந்தது. நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அந்தப் போருக்கு நம்ம புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் கப்பலேறிப் போனார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் நினைவுச்சின்னம் அதில் உயிர்விட்டவர்களுக்குத்தான். நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடித்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க வேண்டும். 1917-ல் லாஞ்சுவினுக்குத் தன் வாத்தியாரின் படிகம் ஞாபகம் வந்தது. மெல்லிய குவார்ட்ஸை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, சாண்ட்விச் மாதிரி ஒட்டினார். படிகத்தின் சின்ன அதிர்வை எஃகு தன் சொந்த அதிர்வோடு சேர்த்துப் பெரிதாக்கியது. 1918-ல் நீர்மூழ்கியின் எதிரொலி கிடைத்தது. சோதனையின்போது ஒலியின் பாதையில் வந்த மீன்கள் செத்தன. கையை நீட்டியவர்களுக்கு வலித்தது. இந்த ஒலிக்குப் பொருளை மாற்றுகிற பலம் உண்டு என்பது அப்போதே தெரிந்துபோனது.

இன்றைக்கு எங்கள் மெஷினைக் கழற்றினால், குவார்ட்ஸுக்குப் பதில் பீங்கான் வளையங்கள், பசைக்குப் பதில் நடுவில் ஒரு போல்ட். அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு இன்னமும் லாஞ்சுவின் டிரான்ஸ்டியூசர் என்றுதான் பெயர்.

இனி என் கதை கொஞ்சம். நான் முதலில் சேர்ந்த ஆலையின் பெயர் வேண்டாம். புற்றுநோயாளிகளுக்கு நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் சின்ன மருந்துப் பெட்டி செய்தோம். நடுவில் சிலிக்கோன் அடைப்பு. அதன் வழியாகத்தான் ஊசி திரும்பத் திரும்ப இறங்கும். அதை அழுத்திப் பிடித்தபடி இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளை ஒட்டணும். உடம்புக்குள் போகிற சாமான் என்பதால் பசை, கரைப்பான் எதுவும் வேண்டாம் என்றுதான் இந்த முறை.

ஒருநாள் காற்றழுத்தச் சோதனையில் இரண்டு பெட்டிகள் குமிழி விட்டன. மெஷினில் நேரம் சரி, அழுத்தம் சரி. பார்வைக்கும் குறை இல்லை. சாயங்காலம் லோடு போகணும் என்றார்கள். அந்த இரண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ரொம்ப நாளாகத் தொடாமல் கிடந்த லாஞ்சுவின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் புரட்டினேன். ஹிட்லரின் படை பாரிஸைப் பிடித்த பிறகு, 1940 அக்டோபர் 30-ல் அவரைக் கைது செய்தார்கள். பாசிசத்துக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினதுதான் குற்றம். வயது 68. அவர் வகுப்பு நடக்க வேண்டிய நவம்பர் 8-ல் மாணவர்கள் கூடி எதிர்ப்புக் காட்டினார்கள், துப்பாக்கிக்காரர்கள் ஊரெல்லாம் நிற்கும்போதே. பிறகு அவரைத் துருவா என்ற ஊரில் கண்காணிப்பில் வைத்தார்கள். மருமகன் ழாக் சாலமோனை 1942-ல் சுட்டுக் கொன்றார்கள். மகள் எலேனை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் உயிரோடு திரும்பி வந்தார். 1944-ல் கிழவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார்.

எனக்கு யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. போனால் வேலை போகும், அவ்வளவுதானே என்று தோன்றியது. விடிந்ததும் ஓடினேன். நல்லவேளை, லாரி வராததால் லோடு கிளம்பவில்லை. சூப்பர்வைசர் அண்ணன் கன்னாபின்னா என்று திட்டினார். திட்டிக்கொண்டே அவரும் கூட உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்தார். மேலும் பதினொன்று ஒழுகின. எல்லாமே அச்சின் ஒரே குழியில் வார்த்தவை. அந்தக் குழி தேய்ந்து வரப்பு குட்டையாகியிருந்தது. உருக வேண்டிய பிளாஸ்டிக்கே போதவில்லை. மெஷினோ நேரத்தை மட்டும் எண்ணிவிட்டு ஓகே சொல்லியிருந்தது. அன்றுமுதல் நேரத்தை நம்பாமல், செலவான சக்தியையும் ஓடு எவ்வளவு இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தோம்.

போர் முடிந்ததும் லாஞ்சுவின் கல்விச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பதினெட்டு வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் படிக்கணும் என்று அந்தத் திட்டம் கேட்டது. அது வெளிவருமுன், 1946 டிசம்பர் 19-ல் கண்ணை மூடினார். 1948-ல் அவர் உடலைப் பாரிஸின் பாந்தியோனில் வைத்தார்கள்.

தம்பி தங்கைகளே, என் வீட்டில் பழுதான டிரான்ஸ்டியூசர் ஒன்று கிடக்கிறது. ரெட்டியார்பாளையம் பக்கம் வந்தால் எட்டிப் பாருங்கள். கழற்றிக் காட்டுகிறேன். காப்பி உண்டு.