ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 - மே 24, 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர், மறைப்பணியாளர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நிறுவியவர். இவர் மருத்துவத் துறையைத் தேர்ந்தெடுக்கக் காரணமான நிகழ்வு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திண்டிவனத்தில் நடைபெற்றது.

பிறப்பும் இளமையும்

ஐடா இராணிப்பேட்டையில் பிறந்தார். இவரது பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மருத்துவ மறைப்பணியாளர் ஆவார். தந்தையும் மருத்துவரே. 1876-78 காலத்துப் பெரும் பஞ்சத்தைச் சிறுவயதில் நேரில் கண்ட ஐடா, பின்னர் அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்பீல்டு பள்ளியில் கல்வி பயின்றார். குடும்பத் தொழிலான மறைப்பணியில் ஈடுபட அப்போது அவருக்கு விருப்பம் இருக்கவில்லை.

திண்டிவனம்

தாயார் நோயுற்றதால் 1890 இல் ஐடா இந்தியாவுக்குத் திரும்பி, பெற்றோர் வசித்த திண்டிவனத்தில் தங்கினார். அவ்வூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. விழுப்புரம் மாவட்டம் 1993 இல் உருவானது.

ஓர் இரவில் பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், மற்றோர் உயர்சாதி இந்து ஒருவர் என மூவர் தனித்தனியே வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு ஐடாவை அழைத்தனர். தாம் மருத்துவம் கற்றவர் அல்லர் என்றும், தம் தந்தை வரக்கூடும் என்றும் அவர் கூறினார். அன்னிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்களைப் பரிசோதிப்பதற்கு மூவரும் உடன்படவில்லை. பெண்கள் மூவரும் இறந்தனர். மருத்துவர் அருகிலேயே இருந்தும் உதவி சென்றடையாத இந்நிகழ்வே ஐடாவின் முடிவை மாற்றியது.

மருத்துவக் கல்வியும் பணியும்

பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஐடா, 1899 இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையுடன் 1900 இல் இந்தியா வந்தார். அவ்வாண்டே வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவ நிலையம் தொடங்கினார். 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902 இல் திறக்கப்பட்டது. நோயாளிகள் வர இயலாத சிற்றூர்களுக்குத் தாமே வண்டியில் சென்று சாலையோரங்களில் மருந்து வழங்கினார்.

கல்வி நிறுவனங்கள்

மருத்துவர் ஒருவரால் எல்லா நோயாளிகளின் அருகிலும் இருக்க இயலாது என்பதை உணர்ந்த ஐடா, 1909 இல் செவிலியர் பள்ளியையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். காந்தி 1928 இல் இப்பள்ளிக்கு வருகை தந்தார். மருத்துவப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவை என அரசு விதித்தபோது பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. எழுபது வயதைக் கடந்த நிலையிலும் ஐடா அமெரிக்காவில் நிதி திரட்டினார். 1942 இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

இறுதிக்காலமும் நினைவும்

1946 இல் ஓய்வு பெற்ற ஐடா, கொடைக்கானலில் தம் 89 ஆவது வயதில் காலமானார். அவர் மறைந்த மறு ஆண்டில், 1961 இல், இந்தியாவின் முதலாவது வெற்றிகரமான திறந்த இதய அறுவை சிகிச்சை வேலூரில் நடைபெற்றது. மருத்துவமனையின் நூற்றாண்டையொட்டி 2000 இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது.

இம்மருத்துவமனையில் இன்று முதியோர் மருத்துவத்துக்கெனத் தனித் துறையும் உள்ளது. கடும் நோயுற்ற முதியவரின் உடல்நிலை மோசமாவதைக் காய்ச்சல் எப்போதும் காட்டிக் கொடுப்பதில்லை. மூச்சு விரைதல், திடீர்க் குழப்பம், உணவில் நாட்டமின்மை ஆகியவை முன்கூட்டியே தோன்றலாம். நாடித் துடிப்பு, மூச்சு வேகம், இரத்த அழுத்தம், உணர்வுநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு ஆபத்தை முன்னறியும் முறைகள் பல நாடுகளின் மருத்துவமனைகளில் பின்பற்றப்படுகின்றன. இம்முறைகள் யாவும் நோயாளியின் அருகிலிருந்து கவனித்துக் குறித்து வைக்கும் பயிற்சி பெற்ற செவிலியரையும், அவர் அழைத்தவுடன் வரும் மருத்துவரையும் சார்ந்தவை. இவ்விருவரையும் உருவாக்கும் கல்வியே ஐடா விட்டுச்சென்ற முதன்மையான பணியாகும்.