தமிழில் மேனாட்டு மருத்துவம் தந்த கிறீன் வைத்தியர்

ஈழத்துத் தமிழர் நன்றியோடு நினைத்தற்குரிய பிறநாட்டாருள் ஒருவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த இவர், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று, அமெரிக்க மிசன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கவும் மாணவருக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார்.

முதலில் அவர் கற்பித்தது ஆங்கிலத்திலேயே. ஆயின் ஆங்கிலத்திற் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டகல, நோயுற்ற ஏழை பயன்பெறாது நிற்பதைக் கண்டார். தாய்நாடு சென்று 1862இல் மீண்டுவந்தபின் தமிழையே போதனாமொழியாக்கினார். மாணவர் துணையோடு மேனாட்டு மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். இரணவைத்தியம் 1867இலும், கிறே என்பாரின் உடலமைப்பு நூலாகிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. கலைச்சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழையும், அதிற் கிடையாதபோது வடமொழியையும், அதன்பின்னரே ஆங்கிலத்தையும் நாடினார்.

இருதயத்தினின்று புறப்பட்டு, மார்பினூடாக வயிற்றினுள் இறங்குவது பெருநாடி. அதன் சுவர் புடைத்து வெடித்தாலும், உட்படை கிழிந்து குருதி சுவரினுட் புகுந்தாலும் உயிர் சில நாழிகையிற் போகக்கூடும். கிறீன் காலத்து வைத்தியர் வயிற்றிலே துடிக்கும் புடைப்பைக் கையால் உணரலாம். கிழிவைப் பிணத்திலேயே கண்ணாற் காணலாம். அவர் இலங்கையை விட்டு நீங்கியது 1873இல். சரியாக நூறாண்டு கழித்து, 1973இல், போல் லோற்றபர் காந்தப் பரிவினாற் படம் பெறும் வழியை வெளியிட்டார். இன்று எம்.ஆர்.ஐ. கருவி எக்ஸ் கதிரின்றியே பெருநாடியின் கிழிவையும் குருதியின் ஓட்டத்தையும் காட்டுகின்றது. அவசர வேளையில் விரைவு கருதி சி.ரி. படமே பெரும்பாலும் முதலில் எடுக்கப்படும். நிலை தளராத நோயாளருக்கும், அயடீன் சேர்ந்த சாயமருந்து ஒவ்வாதாருக்கும் எம்.ஆர்.ஐ. பெரிதும் உதவும்.

ஆயினும் கருவி மாத்திரம் போதாது. இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டமொன்றிலே தேயிலை கொய்வாள் ஒருத்திக்கு, அல்லது இறப்பர்ப் பால் வெட்டுவான் ஒருவனுக்கு, நெஞ்சைப் பிளப்பதுபோன்ற வலி திடீரென எழுந்து முதுகிற் பரவுகின்றது என்று கொள்வோம். அதனை விளங்கும்படி சொல்லவேண்டும். உடலினுள் உலோகத்துண்டோ, இருதயத்தை இயக்கும் கருவியோ உண்டா என்று காந்தத்தின் முன் கேட்கப்படும். மூச்சை அடக்கு என்ற கட்டளையும் வரும். கேள்வி விளங்காது தலையசைத்தால் கேடு நேரலாம். மூச்சு அடங்காவிடிற் படம் கலங்கும். நோயாளியின் மொழியில் மருத்துவம் பேசவேண்டும் என்று கிறீன் கொண்ட கருத்து இங்கே உயிர்காக்கும் கருத்தாகின்றது.

வூஸ்ரருக்கு மீண்ட பின்னரும் அவர் தமிழ்ப்பணியைக் கைவிட்டாரல்லர். 1884இல் மறையும்வரை நூல்களைத் திருத்தி அனுப்பிக்கொண்டேயிருந்தார். கடல்கடந்து வந்த ஒருவர் நம் மொழியைக் கற்று நம் நோயாளருடன் பேசினார். நம் கல்லூரியினின்று மருத்துவத் துறைக்குச் செல்லும் மாணவர், தோட்டத்து மக்கள் முன் அம்மொழியை மறவாதிருப்பாராக.