மருந்துச்சீட்டில் ரெண்டு மாத்திரை... பின்னால் ஒரே மனிதர்!

மூட்டுவாதம் தாத்தா பாட்டிக்கு மட்டும்தான் வரும்னு நினைக்கிறீங்களா? 16 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்கும் வரும். காலையில் எழுந்தால் முழங்கால் வீங்கி, விரலை மடக்க முடியாமல் அழுவார்கள். பல குழந்தைகளுக்கு டாக்டர்கள் எழுதும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட். இந்த ரெண்டு மாத்திரைகளின் கதையும் ஒருவரிடம்தான் போய் நிற்கிறது. அவர், எல்லாப்பிரகட சுப்பாராவ்.

முடிச்சூர்க்காரர்களுக்கு அவர் படித்த இடம் ரொம்ப தூரமில்லை. தாம்பரத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே சென்னை மருத்துவக் கல்லூரி!

1895-ல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனையே மூன்றாவது முயற்சியில்தான் பாஸ் செய்தார். மருத்துவக் கல்லூரிக்கு கதர் உடையில் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ் பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்-தான் கிடைத்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு சகோதரர்களைப் பறிகொடுத்தார். அவருக்கும் அதே நோய் வந்தது; பிழைத்தார்.

அமெரிக்கா போய் ஹார்வர்டில் உழைத்தார். உடலிலுள்ள பாஸ்பரஸை அளக்க, 1925-ல் ஃபிஸ்கேவோடு சேர்ந்து அவர் தந்த முறை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கு. ஆனாலும் அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் குழு ஃபோலிக் ஆசிட்டை ஆய்வகத்திலேயே தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தானது!

அடுத்து, ஃபோலிக் ஆசிட் போலவே இருந்து செல்களை ஏமாற்றும் மருந்துகள் அங்கே உருவாகின. அதில் ஒன்றை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு டாக்டர் ஃபார்பர் கொடுத்தார். நோய் தற்காலிகமாக அடங்கியதை 1948-ல் உலகுக்குச் சொன்னார். அதே குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்சேட்.

அந்த வருஷமே ஆகஸ்ட்டில், 53 வயதில், சுப்பாராவ் இறந்துபோனார். ஊருக்குத் திரும்பவே இல்லை. குறைந்த அளவில் கொடுத்தால் இந்த மருந்து மூட்டு வீக்கத்தையும் அடக்கும் என்பதை அவர் பார்க்கவில்லை.

இப்போதைய கேள்வி, வலி போன பிறகு மருந்தை எப்போ நிறுத்துறது? ரத்தத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் அதிகமிருந்தால், நிறுத்திய பிறகு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே தெரியாமல் உள்ளே கனலும் நெருப்பை அது காட்டிக்கொடுக்கிறது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள்தான். தவறி தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வலி போயிடுச்சேன்னு நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்!