நாற்பதுக்குப் பின் பெற்ற பிள்ளைகள்

பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு வட்டத்தார் பணித்தபோது, ஒரு கவிஞரையே எதிர்பார்த்திருப்பர். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் இருக்க வேறொருவரைத் தேடுவானேன் என்று கேட்கவும் கூடும். நான் எடுத்துக்கொண்டவர் அவருக்கு இரண்டாண்டு மூத்தவர்; மருத்துவர். பெயர் முத்துலட்சுமி ரெட்டி. தாம் தொடங்கிய இல்லத்துக்கு ஒரு புலவரின் பெயரைச் சூட்டியவர் என்பதால், நம் அவையில் அவருக்கும் இடமுண்டு.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்ணைப் படிக்க வைப்பதா என்று ஊரார் முணுமுணுத்த காலத்தில் கல்லூரி புகுந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற உடன்பாட்டின்மீதே அம்மணம் நடந்தது. ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு புதல்வர்கள் பிறந்தனர். தொழிலும் இல்லறமும் ஒழுங்காக நடந்தன. இத்தோடு நின்றிருந்தாலும் அது குறைவுள்ள வாழ்வாகாது.

1923இல் தங்கை புற்றுநோயால் மாண்டார். முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே மருத்துவம் செய்யப்பட்ட நோய் அது. மருத்துவராகிய அக்காள் அருகிலிருந்தும் காக்க இயலவில்லை. அந்தச் சாவு அம்மையாரை இறுதிவரை விடவில்லை. 1925இல் அரசின் உதவித்தொகை பெற்று, மேற்பயிற்சிக்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்தபோது அவருக்கு வயது நாற்பது. அந்த வயதில் பெண்ணுக்கு எஞ்சியிருப்பது பிள்ளைகளின் கலியாணக் கவலையே என்று நம் பக்கத்துக் குடும்பங்கள் நெடுங்காலம் எண்ணிவந்தன; இன்றும் எண்ணாமலில்லை.

அவருக்கோ அங்கேதான் வழி பிரிந்தது. 1926இன் இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த மாதமே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது மாகாணத்தின் முதலமைச்சராயிருந்தவர் நம் குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் என்பதை இளைய உறுப்பினர் பலர் அறியார். திருச்செங்கோட்டுக்கு வண்டி ஏறுகிறவர்கள் நினைவிற் கொள்ளத் தக்க செய்தி.

கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க 1927இல் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற வல்ல பேச்சாளர் எதிரில் நின்றனர். அதைவிடக் கடினமானது வேறொன்று. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய தேவதாசிப் பெண்களே, தங்கள் கலையும் உரிமையும் போய்விடும் என்று அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். தாயின் குலத்தாரே பகைத்தனர். அவர்களது அச்சத்தில் நியாயமே இல்லையென்று நான் சொல்லேன். கலை கைமாறிப் போனதும், வாழ வழியின்றித் தவித்தவர்கள் இருந்ததும் வரலாறு. ஆயினும் ஒரு சிறுமியிடம் கேளாமலே அவள் வாழ்வை முடித்துவைக்கும் வழக்கை எந்தக் கலையின் பேரிலும் காக்க இயலாது என்பதே என் முடிபு. 1929இல் வந்த சட்டம், கோயிற்பணிக்காக விடப்பட்ட மானிய நிலங்களை அப்பெண்களுக்கே உரிமையாக்கிப் பணியிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுத்த சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்குள் அவர் அறுபதைக் கடந்திருந்தார்.

1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மாணவியர் விடுதிகளில் சேர்க்க முயன்றார். பார்ப்பன விடுதியிலும் இடமில்லை, மற்றோர் விடுதியிலும் இடமில்லை. பிறப்பைக் கேட்டதும் இரு பக்கமும் கதவடைத்தன. சட்டம் இயற்றியாயிற்று, சட்டத்தை நம்பி வெளியே வந்த பிள்ளை இரவில் எங்கே படுக்கும் என்பதற்கு அவையில் யாரும் விடை தேடியிருக்கவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவர் வயது நாற்பத்துநான்கு. அதுவே அவ்வை இல்லம்.

இப்பெயரைப் பற்றிக் கவிஞர்களிடம் ஒரு சொல். பிள்ளை பெறாத அவ்வையைத்தான் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் பாட்டி என்கிறோம். அவளுக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூர், இல்லம் தொடங்கிய நாளில் நம் சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. பெற்ற மக்கள் இருவரை உடையவர், பெறாதவளின் பெயரைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ஒரு கவிதையாகவே படுகிறது. ஏதிலிச் சிறுமியர் அங்கே படித்தனர், தொழில் கற்றனர்.

தங்கையின் கடன் மட்டும் தீராதிருந்தது. 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டுமென்று எடுத்துரைத்தார். எண்ணம் கட்டடமாவதற்கு இருபது ஆண்டு அளவில் ஆயிற்று. பிழைக்க மாட்டாத நோய்க்கு எதற்குப் பணம் என்பதே அந்நாளில் பலரின் எண்ணம். இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி அறுவை மருத்துவராகி, வெளிநாட்டில் அந்நோய்க்கான மருத்துவமே பயின்று திரும்பினார். இந்திய மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரண்டது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு நிலையம் திறந்தது. அம்மையாருக்கு வயது அறுபத்தேழு. மகனோ அங்கே மருத்துவர். மறு ஆண்டு சாந்தா என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். 1956இல் பத்மபூஷண் விருது வந்தது.

1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் அம்மையார் மறைந்தார். புதுச்சத்திரத்து நெடுஞ்சாலையில் இரவுப் பேருந்துக்காக, மருத்துவச் சீட்டுகளை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களை அவ்வப்போது காண்கிறேன். எங்கே என்றால், அடையாற்றுக்கு என்பார்கள். அந்த ஆசுபத்திரியைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது.