விபுலாநந்த அடிகளும் சொல்லின் நேர்மையும்

ஒலுவில் துறைமுகத்திலிருந்து கரைவழியே வடக்கே சென்றால், நிந்தவூருக்கு அப்பால் காரைதீவு. 1892 இல் அவ்வூரில் மயில்வாகனனாகப் பிறந்தவரே விபுலாநந்த அடிகள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்று, 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமானார். 1924 இல் துறவு பூண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார்.

பட்டமும் பதவியும் பலர்க்கு உண்டு. யான் வியப்பது பிறிதொன்று. 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழ் மாணாக்கனுக்கு அவன் மொழியிலேயே விளங்கவைக்க முனைந்தார். வழக்கொழிந்த யாழைப் பல்லாண்டு ஆராய்ந்தவர், தம் முடிபை நம்புக என்று பணித்தாரல்லர். சிலப்பதிகாரச் சான்றுகளையும் சுரங்களின் அளவையும் கணக்காக விரித்து வைத்தார். கணிதம் அறிந்தவர் எவரும் சரிபார்க்கலாம். பிழையெனில் மறுக்கவும் செய்யலாம். கற்பிப்பவன் பேசவேண்டிய முறை அதுவன்றோ? 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறிற்று. ஜூலை 19 இல் அடிகளார் மறைந்தார்.

யானோ, மாணவி ஒருத்தி புணர்ச்சி விதி ஒன்றுக்குக் காரணம் வினவியபோது, உரையாசிரியர் கூறியுள்ளார் என்று சொல்லி அவளை அமர்த்தியவன். அவ்வுரையை அன்று யான் புரட்டிப் பார்த்ததுமில்லை. யாழ் நூலைக் கற்ற பின்னர் அவ்விடை நெஞ்சை உறுத்திற்று. மறுவாரம் அவளை அழைத்து, அன்று அறியாமலே சொன்னேன் என்றேன். அவள் சிறிதும் வியந்திலள். இருவருமாக நன்னூலுரையைத் திறந்தோம்.