கண்டதை எழுதிய கன்னிகை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

காணாததைக் கண்டதாகச் சொல்வோர் உலகில் பலர். கண்டதைச் சொல்ல அஞ்சி வாய்மூடி இருப்போரும் பலர். ஆனால் தாம் கண்டது மெய்தானா என்று தாமே நடுங்கி, அறிந்தவர்களிடம் அதைச் சோதிக்கக் கொடுத்து, பின்பு அவர்கள் கட்டளைப்படி ஒரு நூலாகவும் எழுதி வைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் அவிலா நகர் புனித தெரேசா. விண்ணவரைச் சந்தித்த அனுபவங்களை அவர் எழுதிய வரலாறும், அந்த நூல் பட்ட பாடும் நம் போன்ற மாணவியர் அறிய வேண்டியவை.

ஸ்பெயின் நாட்டில் காஸ்தில் என்னும் பகுதியில், உயர்ந்த மதில்கள் சூழ்ந்த நகரம் அவிலா. அங்கே 1515-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் தெரேசா பிறந்தார். தந்தை அலோன்சோ, தாய் பெயாத்ரிஸ். தந்தையின் தந்தை யூத மதத்திலிருந்து கிறிஸ்தவ மறையைத் தழுவியவர். பழைய மதத்தை இரகசியமாகக் கைக்கொண்டார் என்ற குற்றத்துக்காக 1485-இல் தொலேதோ நகரில் விசாரணை மன்றத்தின் தண்டனைக்கு ஆளானவர். திருமறைக்கு மாறான கொள்கைகளைத் தேடிப்பிடித்துத் தண்டிப்பதற்காக அந்நாட்டில் இருந்த நீதிமன்றமே இந்த விசாரணை மன்றம். அதன் பெயரைக் கேட்டாலே மக்கள் அஞ்சினர். பாட்டனாரைத் தொட்ட அந்த மன்றத்தின் கை பின்னாளில் பேத்தியின் நூலையும் தொட்டது.

தெரேசா சிறு வயதிலேயே துணிச்சல் மிக்கவர். ஏழு வயதளவில், வேதசாட்சிகளாக மரித்தால் உடனே மோட்சம் சேரலாம் என்று எண்ணி, தம் அண்ணன் ரொத்ரிகோவுடன் மூர் இனத்தாரின் நாட்டுக்குப் போகப் புறப்பட்டுவிட்டார். நகருக்கு வெளியே சிற்றப்பா ஒருவர் கண்டு இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தார்! தாயாரோடு சேர்ந்து, தந்தைக்குத் தெரியாமல் வீரர்களின் கற்பனைக் கதைகளைப் படிப்பதிலும் அவருக்கு மிகுந்த ஆசை இருந்தது. அவருக்குப் பதின்மூன்று வயதளவில் தாயார் இறந்தார். அச்சிறுமி கன்னிமரியாளின் சுரூபத்தின் முன் சென்று, இனி நீரே என் தாயாக இரும் என்று கண்ணீரோடு வேண்டினார். பின்னர் அவிலாவில் அகுஸ்தீன் சபைக் கன்னியர் மடத்தில் நம்மைப் போலவே தங்கிப் படித்தார்.

1535-ஆம் ஆண்டு, இருபது வயதில், கார்மேல் சபையின் மனித அவதார மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கொடிய நோய் தாக்கியது. 1539-இல் நான்கு நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். இறந்துவிட்டார் என்றே எண்ணி மடத்தில் குழியும் தோண்டி வைத்தனர். கண் விழித்தபோது இமைகளின்மேல் மெழுகு ஒட்டியிருந்ததாம். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கைகால் வழங்காமல் இருந்து, புனித சூசையப்பரின் உதவியை நாடிக் குணமடைந்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், பார்வையாளரோடு பேசிப் பொழுது போக்குவதிலும் செபத்திலுமாக அவர் மனம் இருபக்கமும் இழுபட்டது. 1554-இல், காயப்பட்ட இயேசுவின் சுரூபம் ஒன்றைக் கண்டு உள்ளம் உருகி அழுதார். அன்று முதல் அவர் வாழ்வு மாறியது.

அதன்பின் செப வேளையில் அவருக்கு அபூர்வமான அனுபவங்கள் உண்டாயின. கண்ணுக்குத் தெரியாமலே இயேசு தம் அருகில் நிற்பதை ஐயமின்றி உணர்ந்தார். பிறகு அவருடைய கரங்களையும், திருமுகத்தையும் உள்ளத்தின் கண்ணால் கண்டார். ஒருமுறை சம்மனசு ஒருவர் தோன்றினார். சிறிய உருவம், மிகுந்த அழகு, நெருப்பாய் ஒளிவிடும் முகம். கையிலிருந்த பொன் ஈட்டியின் இரும்பு முனையில் தீ எரிந்தது. அந்த ஈட்டி தம் இருதயத்தில் பாய்ந்ததாகவும், அதனால் பெரும் வேதனையும் அதனினும் பெரிய இனிமையும் உண்டானதாகவும் தெரேசா உணர்ந்தார்.

இதனால் அவர் பெருமை அடைந்தாரா? இல்லை, அச்சமே அடைந்தார். அதற்குக் காரணமும் இருந்தது. கொர்தோபா நகரில் மதலேனா என்ற கன்னியர் மடத் தலைவி, காட்சிகள் காண்பவர் என்று நாடெங்கும் புகழப்பட்டவர். எல்லாம் பொய் என்று வெளிப்பட்டு, 1546-இல் தண்டிக்கப்பட்டார். ஆகவே காட்சி கண்டேன் என்று ஒரு பெண் சொன்னாலே எல்லாரும் ஐயுற்றனர். தெரேசா தம் ஞானகுருக்களிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவர்களில் சிலர் இது பசாசின் வேலை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். காட்சி தோன்றும்போது சிலுவை அடையாளம் வரைந்து, கையால் இகழ்ச்சிச் சைகை காட்டி விரட்டும்படி ஒருவர் கட்டளையிட்டார். தாம் நேசிக்கும் ஆண்டவரிடம் அப்படிச் செய்வது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்! ஆயினும் அழுதுகொண்டே கீழ்ப்படிந்தார். பிற்காலத்தில் புனிதர்களான பிரான்சிஸ் போர்ஜியாவும் அல்காந்தரா பேதுருவுமே அவர் சொல்வதைக் கேட்டு, இது கடவுளின் செயல் என்று தைரியம் ஊட்டினார்கள்.

மெய்யையும் பொய்யையும் எப்படிப் பிரித்தறிவது? தெரேசா தாமே ஓர் அளவுகோலைக் கண்டுபிடித்தார். வறியவள் ஒருத்தியின் கையில் ஒருவர் விலையுயர்ந்த நகைகளைக் கொடுத்துப் போனால், வந்தவர் யாருமில்லை என்று பிறர் எவ்வளவு சொன்னாலும் கையிலுள்ள நகைகள் சாட்சி சொல்லும் அல்லவா? அப்படியே, காட்சிக்குப் பின் தம்மிடம் தாழ்ச்சியும் பொறுமையும் பிறரன்பும் வளர்ந்திருப்பதே சாட்சி என்று கொண்டார். கெடுக்க வந்த பசாசு நற்குணங்களைக் கொடுத்துவிட்டுப் போகுமா என்பது அவர் வாதம். காட்சியைவிடக் கனிகளையே அவர் பெரிதாக மதித்தார்.

நடந்ததையெல்லாம் எழுதித் தரும்படி ஞானகுருக்கள் கட்டளையிட்டனர். 1562-இல் தொலேதோவில் ஒரு சீமாட்டியின் மாளிகையில் தங்கியிருந்தபோது நூலை முதன்முறை எழுதி முடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தை நிறுவினார். அந்த ஏழை மடத்தில் இருந்துகொண்டு 1565-க்குள் நூலை மறுபடியும் விரித்து எழுதினார். அதில் 40 அதிகாரங்கள் உள்ளன. எழுதுவதால் நூல் நூற்கும் வேலை கெடுகிறதே என்பது அவர் குறை. அன்று நூற்ற நூல் எங்கே போயிற்றோ, எழுதிய நூல் இன்றும் நிற்கிறது!

அவர் இலத்தீன் கற்றவரல்லர். ஆகவே வீட்டில் பேசும் ஸ்பானிய மொழியிலேயே எழுதினார். செபத்தின் நான்கு நிலைகளை விளக்கத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வகைகளை உவமையாக்கினார். கிணற்றில் கையால் இறைப்பது முதல் நிலை. சக்கரத்தால் இறைப்பது இரண்டாவது. ஆற்று நீர் தானே பாய்வது மூன்றாவது. வானம் மழையாய்ப் பொழிவது நான்காவது. தம் பாவங்களை எல்லாருக்கும் சொல்லலாம், ஆனால் பெற்ற வரங்களைச் சொல்லும்போது தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். தவறானவற்றைக் கிழித்துப் போடவும் அனுமதி கொடுத்தார். அக்காலத்தில் பெரும் ஞானியாக மதிக்கப்பட்ட அவிலா அருளப்பர் நூலை வாசித்து, 1568-இல் ஆதரித்துக் கடிதம் அனுப்பினார்.

ஆனால் நூலுக்குச் சோதனை வேறு வழியில் வந்தது. எபோலி இளவரசி என்னும் செல்வச் சீமாட்டி தம் ஊரான பஸ்திரானாவில் தெரேசாவுக்கு ஒரு மடம் அமைத்துக் கொடுத்திருந்தார். 1573-இல் கணவர் இறந்ததும் தாமும் அங்கே கன்னிகையாகச் சேர்ந்து, மடத்தின் ஒழுங்குகளைக் குலைத்தார். 1574-இல் தெரேசா அங்கிருந்த கன்னியரையெல்லாம் வேறு மடத்துக்கு அழைத்துக்கொண்டார். கோபங்கொண்ட இளவரசி நூலைப் பற்றி விசாரணை மன்றத்தில் புகார் செய்தார். 1575-இல் மன்றம் நூலைக் கைப்பற்றியது. தொமினிக் சபை வேதசாஸ்திரி பாஞ்யேஸ் அதை ஆராய்ந்து, எழுதியவர் ஏமாற்றுக்காரர் அல்லர் என்று அறிக்கை கொடுத்தார். ஆனாலும் எல்லார் கையிலும் கொடுக்கத் தக்கதல்ல என்றார். தெரேசா உயிரோடிருந்தவரையில் அவர் கைப்பட எழுதிய அந்தப் பிரதி திரும்பி வரவேயில்லை.

அவர் முணுமுணுக்கவில்லை. மீண்டும் எழுதும்படி கட்டளை வந்தபோது, 1577-இல் ஜூன் 2-ஆம் நாள் தொடங்கி நவம்பர் 29-ஆம் நாளுக்குள் மற்றொரு நூலை முடித்தார். ஆன்மாவை ஏழு பகுதிகள் கொண்ட பளிங்குக் கோட்டையாக வருணிக்கும் நூல் அது. அதில் தம் அனுபவங்களையே, தமக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவங்கள் என்று எழுதியிருக்கிறார்! இடையே கழுதையிலும் வண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்று, 17 மடங்களை நிறுவினார். 1582-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு, ஆல்பா என்னும் ஊரில் இறந்தார். பஞ்சாங்கம் திருத்தப்பட்டதால் அதற்கு மறுநாளே அக்டோபர் 15 ஆயிற்று. அவருடைய திருநாளும் அந்த நாளிலேயே கொண்டாடப்படுகிறது.

அவருடைய சீடரான சகோதரி அன்னா விசாரணை மன்றத்திலிருந்து பிரதியைக் கேட்டு வாங்கினார். அகுஸ்தீன் சபைக் குரு லூயிஸ் தெ லெயோன் அதைப் பதிப்பித்தார். அதே மன்றத்தின் சிறையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வாடியவர் அவர். 1588-இல் சலமான்கா நகரில் நூல் அச்சாகி வெளிவந்தது. 1622-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. நம் முத்துக்குளித்துறையில் மறைபரப்பிய புனித சவேரியாரும் அதே நாளில்தான் புனிதரானார். 1921-இல் எடித் ஸ்டெயின் என்னும் யூதப் பெண் தத்துவ அறிஞர் இந்நூலைப் படித்து மனம் மாறினார். அவர் பின்னர் கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1942-இல் அவுஷ்விட்ஸ் கொலை முகாமில் உயிர் துறந்தார். இன்று அவரும் ஒரு புனிதர். 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் தெரேசாவைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. எல்லார் கையிலும் கொடுக்க வேண்டாம் என்று பூட்டி வைத்த நூலை எழுதியவர், எல்லாருக்கும் ஆசிரியை ஆனார்!

அன்புத் தோழியரே, நமக்குக் காட்சிகள் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் உள்ளத்தில் தோன்றும் நல்ல எண்ணங்கள் நம் எல்லாருக்கும் உண்டு. பிறர் நகைப்பார்களோ என்று அவற்றை மறைக்கவும் வேண்டாம். நமக்குத்தான் எல்லாம் தெரியும் என்று பறைசாற்றவும் வேண்டாம். தெரேசாவைப் போல மூத்தோரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, பொறுமையோடு சோதித்து, உண்மை என்று தெளிந்தபின் அஞ்சாமல் எடுத்துரைப்போமாக. மெய்யைப் பூட்டி வைக்கலாம், பொய்யாக்க முடியாது.